நாற்பது பெட்டி கத்திரிப்பூ ஜிப்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் மகளும் நலம். வீடும் நலம், மாடிக் கதவின் கொண்டியைத் தவிர. அது ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடை நலமா என்று கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது, அதற்காகத்தான் இத்தனை காகிதம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுவதாக எழுதியிருந்தீர்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று எழுதாததால் நான் அதை நம்பவில்லை.

அவசரம் என்றால்தான் போன், மற்றதெல்லாம் கடிதம் என்று நாம் செய்துகொண்ட ஏற்பாடு நல்லதுதான். போனில் மூன்றாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நான் சொல்வதைக் கடைசிவரை நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

வியாபாரிகள் சங்கத்தின் மாடியில் ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு நாள், சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை. கடையில் இதுவரை என்ன விற்றது என்று கம்ப்யூட்டரில் ஏற்றினால், இனிமேல் என்ன விற்கும், எதை எப்போது எவ்வளவு வாங்கி வைக்கவேண்டும் என்று அந்த சாஃப்ட்வேர் சொல்லுமாம். சங்கத் தலைவர் கடை கடையாக வந்து கூப்பிட்டார். கட்டணம் கிடையாது என்றார். அப்போதே எனக்கு உறுத்தியது. வகுப்புக்குப் போனால் எல்லாருக்கும் டீ, ஒரு நோட்டு, ஒரு பேனா. அந்தப் பேனாவில் யாருடைய விளம்பரம் தெரியுமா? நம் ஜிப் ஏஜென்டுடையது! போன வருடம் உங்கள் தலையில் நாற்பது பெட்டி கத்திரிப்பூ நிற ஜிப்பைக் கட்டினாரே, அதே மகான். நமக்குச் சரக்கு விற்கிறவரே, எவ்வளவு சரக்கு வாங்கவேண்டும் என்று சொல்லித்தருகிற வகுப்புக்கும் டீ வாங்கித் தருகிறார் என்றால், நான் அந்த டீயைக் குடிக்காமல் வந்ததில் என்ன தப்பு?

ஆனாலும் போய்க்கொண்டிருக்கிறேன். காரணம் உங்களுக்கே தெரியும். ஒரு வருடம் என்று நாம் பேசிக்கொண்டதில் ஒன்பது மாதம் ஓடிவிட்டது. கடை தன் காலில் நின்றால் நீங்கள் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வருவது, நிற்காவிட்டால் நான் கடையை மூடிவிட்டு மகளுடன் அங்கே வருவது. இன்னும் மூன்றே மாதம். கடைசி மாதத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. சீருடைக்கு வேண்டிய ஜிப்பும் பட்டனும் அளவாக வாங்கி வைத்தால் கடை பிழைக்கும், இந்த முறையும் தப்பாக வாங்கினால் அவ்வளவுதான். அதனால் பிசாசு வந்து சொல்லித்தந்தாலும் கற்றுக்கொள்வது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சொல்லித்தருகிறவள் சின்னப் பெண். எல்லாரும் டீச்சர் என்கிறோம். இரண்டு வருடத்துப் பில் புத்தகங்களையும் எடுத்து வரச் சொன்னாள். கடையின் வயிற்றைக் கிழித்துக் காட்டுவதுபோல் இருந்ததால், முதல் நாள் பாதியைத்தான் கொண்டுபோனேன். எனக்குப் பக்கத்தில் எதிர்வரிசை நூல்கடைக்காரர் உட்கார்ந்துகொண்டு கழுத்தை என் பக்கமே நீட்டிக்கொண்டிருந்தார். பையை எடுத்து நடுவில் வைத்துக்கொண்டேன். தேதி, சரக்கு, எண்ணிக்கை என்று மூன்று கட்டம். இரண்டு வருடத்தை அதில் ஏற்றுவதற்குள் என் ஆள்காட்டி விரல் வீங்கிவிட்டது. மகள்தான் சனிக்கிழமைகளில் நான் படிக்கப் படிக்க ஏற்றித்தருகிறாள். அவளுக்கு இந்த முறை கணக்கில் மதிப்பெண் குறைவு. சொல்லித்தர ஆள் இல்லை என்கிறாள்.

இன்னொரு சங்கதி. நம் முழக்கோல் இருக்கிறாரே, நம் கடையில் இருபது வருடமாக அளந்து அளந்து தானும் முழக்கோல் மாதிரியே மெலிந்துபோன மனிதர், இப்போது சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருக்கிறார். யாராவது கடைக்கு வந்துபோனதும் திரும்பி நின்று அதில் ஏதோ எழுதுகிறார். நான் பார்த்தால் பையில் போட்டுக்கொள்கிறார். போன வாரம் அவர் எதிர்க்கடை நூல்காரரோடு நின்று சிரித்துப் பேசியதையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு நல்லதாகப் படவில்லை. இவள் எல்லாரையும் சந்தேகப்படுவாள், போலீஸ் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. உங்கள் கத்திரிப்பூ ஜிப் விற்கிறது. முன்னேயே எழுதினேன், இந்த மாதமும் நாலு பெட்டி போயிற்று. ஸ்கூட்டரில் வருகிற ஒரு மனிதர் வாங்குகிறார். வெளியூருக்குப் பேன்ட் தைத்து அனுப்புகிறாராம். தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லை, தொண்டை கட்டின குரல். கத்திரிப்பூ நிறத்தில் யார் பேன்ட் போடுகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் எட்டு மாதத்தில் முப்பத்திரண்டு பெட்டி எடுத்துவிட்டார். பரணில் இன்னும் எட்டுதான் இருக்கிறது. அன்று முழக்கோலின் முன்னால் நான் உங்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. ஜிப் விற்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

போன மாதம் நீங்கள் அனுப்பிய பணத்தையும், முதல் மாதம்போலவே, திருப்பி அனுப்பிவிட்டேன், கோபம் வேண்டாம். வெளியிலிருந்து பணம் உள்ளே வந்தால், கடை நிற்கிறதா அல்லது நாம் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருக்கிறோமா என்று எனக்கே தெரியாமல் போய்விடும். உங்கள் டிரைவிங் ஸ்கூல் சிநேகிதர் இந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. வாரம் தவறாமல் நம் வீட்டில் சாப்பிட்ட மனிதர். நீங்கள் ஊரைவிட்டுப் போனதும் நட்பையும் மூட்டை கட்டிவிட்டார் போலிருக்கிறது.

கழுத்துவலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். உயரமான தலையணை வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மனைவியும் தற்போதைக்குக் கடையின் முதலாளியும்


புதன், கடைக்கு விடுமுறை

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அங்கே மழை என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இங்கே வெயில், அதை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். கொண்டி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. மகளுக்கு ஜலதோஷம் வந்து போய்விட்டது.

வகுப்பு முடிந்தது. கடைசி வாரம் எல்லாருடைய கடைக்கும் படம் வரைந்து காட்டியது அந்த சாஃப்ட்வேர். இதுவரை விற்றது கறுப்புக் கோடு, இனி விற்கப்போவது நீலக் கோடு. நீலக் கோட்டின் இரண்டு பக்கமும் நிழல் மாதிரி ஒரு பட்டை. அது என்ன என்று கேட்டேன். நான் சொல்றது தப்பாவும் இருக்கலாம், தப்பினா இந்த மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் நடுவுல எங்கயாவது இருக்கும்னு அதுவே ஒத்துக்குது அக்கா, என்றாள் டீச்சர். அந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்துவிட்டது. தன்னையே சந்தேகப்படுகிற ஒன்றோடு நான் கொஞ்சம் ஒத்துப்போகலாம்.

ஆனால் வெள்ளை ஜிப்புக்கும் நீல ஜிப்புக்கும் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் வெள்ளை ஏழு அங்குல ஜிப் மூன்று பெட்டி போதும் என்றது! மற்ற மாதத்தைவிடக் குறைவு. பள்ளிக்கூடத்து வாசலையே மிதிக்காத யந்திரமா இது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். நூல்கடைக்காரர் சிரித்தார். டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போன வருடம் அந்த மாதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பதினெட்டு நாள் வரிசையாகப் பூஜ்யம். அன்னைக்கெல்லாம் யாரும் கேக்கலையா, இல்ல உங்ககிட்ட இல்லையா, என்று கேட்டாள்.

பில் புத்தகத்தைப் புரட்டினேன். போன வருடம் கையிலிருந்ததையெல்லாம் கத்திரிப்பூவில் போட்டுவிட்டு வெள்ளை வாங்க வழியில்லாமல் நின்றோமே, அந்தப் பதினெட்டு நாள்தான் அது. வந்தவர்களையெல்லாம் இல்லை, இல்லை என்று திருப்பி அனுப்பினோம். விற்கவில்லை என்பது மட்டும்தான் பில் புத்தகத்தில் இருக்கும். கேட்டார்கள் என்பது எதிலும் இருக்காது. யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று யந்திரம் எடுத்துக்கொண்டது. வேண்டாததால் விற்காததும் இல்லாததால் விற்காததும் அதுக்கு ஒண்ணுதான் அக்கா, நாமதான் பிரிச்சுச் சொல்லணும், அந்த நாளுக்கெல்லாம் எத்தனை பேர் கேட்டாங்கன்னு தெரிஞ்சா போடுங்க, என்றாள். அது எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் கடையில் இதை வாய்விட்டுப் புலம்பிக்கொண்டிருந்தேன். முழக்கோல் சட்டைப்பையிலிருந்து அந்தக் குட்டி நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அப்புறம் ஸ்டூலைப் போட்டுப் பரணிலிருந்து இன்னும் மூன்று நோட்டு எடுத்தார். எல்லாவற்றிலும் அவருடைய பொடி எழுத்து. தேதி, கேட்ட சரக்கு, எத்தனை, பக்கத்தில் 'இல்லை'. நாம் இல்லை என்று சொல்லி அனுப்பிய ஒவ்வொருவரையும் அவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பதினெட்டு நாளும் அதில் இருக்கிறது. ஏன் என்னிடம் காட்டவில்லை என்று கேட்டேன். இல்லைங்கிறதை எழுதி வச்சா முதலாளிக்குக் குத்திக்காட்டுற மாதிரி இருக்கும்மா, ஆனா எழுதாம இருக்கவும் மனசு வரலை, என்றார். நூல்கடைக்காரரோடு அப்படி என்ன சிரிப்பு என்றும் கேட்டுவிட்டேன். நூல்காரரின் பேரனுக்குப் பல் முளைத்திருக்கிறதாம்.

இருபது வருடம் ஒரே கூரைக்குக் கீழே நின்ற மனிதரைப் பற்றி ஒரு மாதமாக என்னென்ன நினைத்திருக்கிறேன்! அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு நானே டீ வாங்கிக்கொண்டுவந்து கொடுத்தேன், அவர் பயந்துபோய் எதற்கு என்று கேட்டார். அந்த 'இல்லை' நோட்டில் இருந்ததை ஏற்றின பிறகு அந்த மாதத்துக்கு வெள்ளை பதினோரு பெட்டி, நீலம் ஒன்பது பெட்டி என்று யந்திரம் திருந்திக்கொண்டது.

அந்த நல்ல மனநிலையில்தான் உங்கள் கத்திரிப்பூ ஜிப்பின் படத்தைத் திறந்தேன். மற்ற சரக்கெல்லாம் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்குகிறது. இது மட்டும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராகப் போகிறது. மாதம் நாலு பெட்டி, இனியும் மாதம் நாலு பெட்டி. பக்கத்து நிழல்கூட நூல் அளவுதான். இந்த மாதமும் ஹெல்மெட்காரர் வந்து போய்விட்டார், மிச்சம் நாலு பெட்டி. சரக்கு தீரப்போகிறது, பன்னிரண்டு பெட்டி ஆர்டர் போடு என்று சிவப்பு எழுத்தில் கேட்டது. இவ்வளவு சீரா ஓடுற சரக்கு கிடைக்கிறதே அதிர்ஷ்டம் அக்கா, என்று டீச்சர் சொன்னாள்.

இத்தனை நேராக ஒரு கோடு போனால் நான் சும்மா விடுகிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் முழக்கோல் விஷயத்தில் மூக்கு உடைந்திருந்தது. அதுவும் தவிர, எப்படி எழுதுவது, உங்கள் கை பட்ட சரக்கு விற்கிறது என்று நம்ப எனக்கும் ஆசையாக இருந்தது. பன்னிரண்டு பெட்டிக்கு ஆர்டர் போட்டுவிட்டேன். ஏஜென்டின் வாயெல்லாம் பல். நான் அப்பவே சொன்னேனே, கத்திரிப்பூ ஓடும்னு, என்கிறார்.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்பதால்தான் இதைக் கடைசியில் வைத்தேன். நீலமும் வெள்ளையும் அடுத்த வாரம் வாங்க வேண்டும். கைக்கும் வாய்க்குமாக இருக்கிறது, பார்க்கலாம்.

மழையில் நனையாதீர்கள். நனைந்தால் தலையைத் துவட்டுங்கள், ஈரத்தோடு படுத்து எழுந்து எனக்கு அதை ஒன்றரைப் பக்கம் எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் போலீஸ்


நான்காம் தேதி, காலை

மரியாதைக்குரிய கணவருக்கு,

இப்படி ஒரு தொடக்கத்தைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். உட்காருங்கள்.

பதினைந்து நாளுக்கு முன் உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலே வரி. அதில் மழை இல்லை, சாப்பாடு இல்லை, மகளைப் பற்றி ஒரு விசாரிப்பு இல்லை. 'கத்திரிப்பூ ஆர்டரை உடனே நிறுத்து. ஒரு பெட்டிகூட வாங்காதே. காரணம் கேட்காதே. எல்லாம் நல்லதற்கே.' அது வந்து சேர்வதற்குள் இரண்டு முறை போன் வேறு. முதல் முறை மகள் எடுத்தாள், ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டீர்களாம். இரண்டாம் முறை நான் எடுப்பதற்குள் நின்றுவிட்டது.

பத்து மாதமாக நான் கடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நீங்கள் ஒரு கேள்வி கேட்டதில்லை. வெள்ளை ஜிப்புக்கு அலைகிறேன் என்று எழுதினேன், அதற்கும் பதில் மழைதான். அப்படிப்பட்ட மனிதர், தன்னுடைய சரக்கு அமோகமாக ஓடுகிறது என்று கேட்டதும் துள்ளிக் குதிக்காமல் வேண்டாம் வேண்டாம் என்று அலறினால், எனக்கு என்ன தோன்றும்? அந்த ஜிப் இனிமேல் விற்காது என்று எங்கேயோ தூரத்தில் இருக்கிற உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருடத்துக் கணக்கை விழுங்கிய யந்திரத்துக்கே தெரியாதது!

முதலில் ஏஜென்டுக்குப் போன் செய்தேன். எட்டுப் பெட்டியை நிறுத்தமுடிந்தது, நாலு பெட்டிக்குச் சாயம் போட்டாகிவிட்டதாம். பிறகு அந்தக் கோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மதியம் முழுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு மாதமும் நாலு பெட்டி, ஒவ்வொரு மாதமும் மூன்றாம் தேதி. நம் தெருவைத் தோண்டிப் போட்டு ஒரு வாரம் யாரும் உள்ளே வரமுடியாமல் கிடந்ததே, அந்த மாதமும் மூன்றாம் தேதி நாலு பெட்டி. பள்ளிக்கூட விடுமுறையில் ஊரே துணி தைக்காத மாதமும் நாலு பெட்டி. தேவைக்கு வாங்குகிற மனிதர் இப்படி வாங்கமாட்டார். ஒரு மாதம் ஆறு வாங்குவார், ஒரு மாதம் வரவே மாட்டார். சம்பளம் வாங்குகிறவர்தான் இப்படி வாங்குவார். உங்களுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி.

உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் நான் வேறு விதமாகவும் நினைத்தேன். உங்களுக்கு அங்கே ஏதோ ஒரு சங்கதி இருக்கிறது, அதை மறைக்க இங்கே யாரையோ வைத்து ஏதோ செய்கிறீர்கள் என்று. என்னவென்று கேட்காதீர்கள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு என்னவெல்லாம் தோன்றுமோ அதெல்லாம் தோன்றியது. மகளிடம் எரிந்து விழுந்தேன். அவள் காரணம் தெரியாமல் அழுதாள்.

நேற்று மூன்றாம் தேதி. பத்தே முக்காலுக்கு ஹெல்மெட்காரர் வந்தார், கடைசி நாலு பெட்டிக்கு. நான் முழக்கோலை உள்ளே அனுப்பிவிட்டு நானே நின்றேன். உங்களுக்கு வேண்டியது திறக்கிற ஜிப்பா, மூடின ஜிப்பா என்று கேட்டேன். மழைக்கோட்டுக்குப் போடுவது இரண்டாகத் திறக்கும், பேன்ட்டுக்குப் போடுவது அடியில் மூடியிருக்கும், இது ஊசி பிடிக்கிற எவருக்கும் தெரியும். அவர் கொஞ்சம் யோசித்து, எது உங்களுக்கு சௌகரியமோ அதையே குடுங்க, என்றார். சரி என்று, பழைய வாடிக்கையாளர்களுக்கு இந்த மாதத்திலிருந்து சரக்கை வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கித் தருகிறோம், விலாசம் சொல்லுங்கள் என்றேன். ஹெல்மெட்டுக்குள்ளே இருமல் வந்துவிட்டது. பெட்டிகளை வாரிக்கொண்டு ஓடினார். ஓடுகிறபோது ஸ்கூட்டரின் பின்பக்கம் தெரிந்தது. சிவப்பில் பெரிதாக ஆங்கில 'L' எழுத்து, வண்டி பழகுகிறவர்களுக்கு ஒட்டுவார்களே, அந்த அடையாளம். அதற்குக் கீழே டிரைவிங் ஸ்கூலின் போன் நம்பர். நம் வீட்டுச் சுவரில் பென்சிலால் நீங்கள் எழுதி வைத்திருக்கிற அதே நம்பர்.

கடையை முழக்கோலிடம் விட்டுவிட்டு நடந்தே போனேன். உங்கள் சிநேகிதர் என்னைக் கண்டதும் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவருடைய முன்னறையில், வண்டி பழக வருகிறவர்கள் காத்திருக்க ஒரு நீளமான பெஞ்சு, மேலே ஒரு ஜமுக்காளம். நான் போனபோது இரண்டு பேர் உட்கார்ந்து சாலை விதிகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்திருங்கள் என்றேன். ஜமுக்காளத்தைத் தூக்கினேன். நம் கடை முத்திரை பிரியாமல், மூன்று அடுக்காக, முப்பத்தாறு பெட்டி. புது நாலு பெட்டியும் ஹெல்மெட்டும் மேஜைக்கு அடியில் இருந்தன.

அவரைத் திட்டாதீர்கள், என்னால் ஆனமட்டும் நானே திட்டிவிட்டேன். அவரும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முதல் மாதம் நான் திருப்பி அனுப்பிய பணம் மறுவாரமே அவருக்கு வந்ததையும், வேறு ஏதாவது சரக்காக வாங்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு, இல்லை, கத்திரிப்பூதான் என்று நீங்கள் பிடிவாதமாகச் சொன்னதையும். அவ சொன்ன வார்த்தை பொய்யாகணும்டா, அவ அதை நெனச்சு நெனச்சு வருத்தப்படுவா, என்று சொன்னீர்களாம்.

அந்த வார்த்தையை இப்போது எழுதிவிடுகிறேன். நீங்க தொட்டது எதுவும் விக்காது என்றேன். முழக்கோலின் முன்னால், இரண்டு தையல்காரர்களின் முன்னால் சொன்னேன். நீங்கள் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தீர்கள். பதினோரு மாதமாக அந்தக் கை பெட்டியை வைக்கிறதுதான் எனக்குக் கண்ணில் நிற்கிறது. தப்பு என்னுடையது. இதை ஒரு கடிதத்தில் எழுத எனக்குப் பதினோரு மாதமும் ஒரு சாஃப்ட்வேரும் தேவைப்பட்டிருக்கிறது.

ஆனால் கோபமும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். கடை தானாக நிற்கிறது என்று நான் எத்தனை பேரிடம் தலை நிமிர்ந்து சொன்னேன்! நீங்கள் அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். நான் ஜெயிக்கிறேனா, நீங்கள் ஜெயிக்க விடுகிறீர்களா என்றுகூடத் தெரியாமல் ஒரு மனுஷி ஒரு வருடம் ஓடினால் அது என்ன ஓட்டம்? உங்கள் அன்பால் யந்திரம் ஏமாந்தது, நானும் ஏமாந்தேன், கடைசியில் இன்னும் நாலு பெட்டி கத்திரிப்பூ வந்து இறங்கப்போகிறது.

நேற்று மதியமே அந்தக் கத்திரிப்பூ வரியை அடியோடு எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களைக் கோத்துக்கொண்டிருந்தாள். கடையின் மொத்த விற்பனைக் கோடு இறங்கத்தான் செய்தது. இறங்கி, தரையைத் தொடாமல் நின்றது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் ஏறுகிறது. மேல்கோட்டைப் பார்த்தால் கடை நிற்கும். கீழ்கோட்டைப் பார்த்தால் மூடவேண்டியதுதான். இரண்டுக்கும் நடுவே எங்கே விழும் என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெள்ளை பதினோரு பெட்டியும் நீலம் ஒன்பதும் வாங்கியாகிவிட்டது. அந்த மாதம் கல்லாவில் ஒருவர், அளக்க ஒருவர், எடுத்துக்கொடுக்க ஒருவர் வேண்டும். இங்கே இரண்டு பேர்தான் இருக்கிறோம்.

வருகிற நாலு பெட்டி கத்திரிப்பூவுக்கு ஆள் பிடிப்பது உங்கள் பொறுப்பு. ஹெல்மெட் போட்ட ஆளுக்குக் கொடுக்கமாட்டேன். பணம் அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். சரக்கைத் தொட்டவர் கையாலேயே விற்றுக் காட்டவேண்டும்.

டீச்சர் காட்டித்தந்தது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. விற்றது மட்டும்தான் பில்லில் இருக்கும், கேட்டது இருக்காது. உங்களுக்கு நான் எழுதியதெல்லாம் பில்தான். அதனால் முழக்கோலிடம் ஒரு குட்டி நோட்டு வாங்கி, வீட்டுக்கும் ஒரு 'இல்லை' நோட்டு எழுதினேன். ஞாபகம் இருக்கிறவரைக்கும் எழுதியிருக்கிறேன். முதல் பக்கத்தைக் கிழித்து இதோடு வைக்கிறேன்.

மாடிக் கதவுக்குக் கொண்டி அடிக்க ஒரு ஆள். கேட்டது ஆறு முறை. இல்லை.

கணக்குச் சொல்லித்தர அப்பா. மகள் கேட்டது, வாரம் இரண்டு முறை. இல்லை.

கடை அடைக்கும்போது ஷட்டரின் மறுபக்கத்தைப் பிடிக்க ஒரு கை. தினமும். இல்லை.

சந்தேகப்பட்டால் போலீஸ் என்று சிரிக்க ஒரு ஆள். தினமும். இல்லை.

அதற்குக் கீழே ஒரு வரியில் 'இல்லை' மட்டும் இருக்கும். என்ன கேட்டது, எத்தனை முறை என்பதை எழுதவில்லை, எழுதினால் பக்கம் போதாது. கேட்டவர் யார் என்றும் எழுதவில்லை. கையெழுத்து உங்களுக்குத் தெரிந்ததுதான்.

பயணத்தில் ஜன்னலோரம் உட்காராதீர்கள், காற்று கழுத்துக்கு ஆகாது. நல்லபடியாக வந்து சேருங்கள்.

உங்கள்
நான்